சின்ன எழுத்துப் பெயர்கள்

"எக்கா, லீவு கேக்கதுக்கு ஒரு ஆப் இருக்குலா, அது நீங்க செஞ்சதா?"

கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் தட்டைப் பார்த்தபடிதான் கேட்டாள். ஆனால் கேட்டதும் கை நின்றுவிட்டது. நான் பதில் சொல்லும்வரை அடுத்த வாய் எடுக்கவில்லை.

"இல்லப்பா. அது மெட்ராஸ்ல ஒரு கம்பெனி செஞ்சு குடுத்தது. நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்கு."

"ஆனா ஒங்க ரூம்லதான அந்த கம்ப்யூட்டர் இருக்கு?"

"எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர் எங்க ரூம்லதான் இருக்கு."

"அப்போ உள்ள என்ன நடக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்லா."

அதை அவள் கேள்வியாகச் சொல்லவில்லை.

அவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகப் பின்னிக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. ஒரகடம் போகிற வழியில் இருக்கிறது. அவளுக்கு லைனில் வேலை. கான்ட்ராக்டர் மூலமாக வந்த மற்றப் பெண்களைப் போலவே பிள்ளைப்பாக்கத்தில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். நான் மணிமங்கலத்துக்காரி. ஐ.டி. செக்‌ஷனில் எனக்கு மேலே ஒரு தலைவர், அவருக்குக் கீழே நான். வேறு யாரும் இல்லை. லைனில் இருக்கும் பெண்கள் எங்கள் கதவைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நாங்கள் கேமரா பார்க்கிறோம் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.

எனக்கும் அவளுக்கும் பழக்கமானது ஒரு சின்ன டப்பாவால். கேன்டீன் சாம்பார் வாயில் வைக்க முடியாத ஒரு நாள், அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த மாசிக் கருவாட்டுப் பொடியைக் கேட்காமலேயே என் சோற்றின் மேல் தூவினாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே மேசை. அவள் நிறையப் பேசுவாள். கம்பெனியைப் பற்றி மட்டும் பேசியதில்லை. இது முதல் தடவை.

விஷயம் இதுதான். லைனில் வேலை செய்கிறவர்கள் லீவு வேண்டுமென்றால் போனில் விண்ணப்பம் போட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு லைனிலிருந்து சிலரைத்தான் விடுவார்கள். சூப்பர்வைசர் தன் கம்ப்யூட்டரில் விண்ணப்பங்களை ஒரு டேபிளாகப் பார்ப்பார். பெயர், தேதி, காரணம், பக்கத்தில் பச்சையாக ஒரு பட்டன். அன்றைக்கு உண்டான இடம் நிரம்பியதும் பச்சை பட்டன் தானாகச் சாம்பல் நிறமாகிவிடும். மிச்சம் இருப்பவர்களுக்கு "இடம் இல்லை" என்று போனில் செய்தி போகும்.

அவளுக்கு எப்போது கேட்டாலும் அந்தச் செய்திதான் வந்தது. பொங்கலுக்குக் கேட்டாள், இல்லை. தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்ததற்குக் கேட்டாள், இல்லை. சித்திரையில் ஊரில் கோயில் கொடைத் திருவிழா வருகிறது, அதற்கும் கிடைக்காது என்று ஹாஸ்டலில் எல்லோரும் சொல்கிறார்கள் என்றாள்.

"ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கவே மாட்டேங்கு எக்கா. பஸ்ல வார உள்ளூர்க்காரிய எல்லாம் போய்ட்டுப் போய்ட்டு வாராவ. நான் சும்மா சொல்லல. பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

"சூப்பர்வைசர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். 'கொடைன்னா இன்னாது, மழைக்குப் பிடிக்கிறதா'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாவ."

அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் இன்னொன்றும் இருந்தது. அந்த சூப்பர்வைசர் எங்கள் ஊர்ப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். அது லைனில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று மதியமே உட்கார்ந்து பார்த்தேன். மெட்ராஸ் கம்பெனியின் ஒப்பந்தம் முடியப்போகிறது, அந்த டேபிளை நாமே புதிதாகச் செய்துவிடலாம் என்று தலைவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதனால் நான் பழைய விண்ணப்பங்களையெல்லாம் திறந்து பார்ப்பதை யாரும் கேட்கப் போவதில்லை. புது டேபிளுக்கு, பாதி வேலையை முடித்தே தருகிற ஒரு ஃப்ரேம்வொர்க் எடுத்திருந்தேன். அதில் எல்லாம் சுலபம். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு வரி எழுத வேண்டும். வரியின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் தலைப்பில் அம்புக்குறி வந்துவிடும், தட்டினால் வரிசை மாறும். இன்னொரு சொல்லைச் சேர்த்தால் தேடலாம். மேலே புனல் மாதிரி ஒரு படம், அதைத் தட்டினால் ஃபில்டர்கள். எதை வேண்டுமோ அதை மட்டும் காட்டு என்று கேட்கலாம்.

எனக்காக ஒரு ஃபில்டர் எழுதினேன். சொந்த மாவட்டம். ஆதாரில் இருந்த முகவரி எங்கள் பதிவில் இருந்தது, அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். "இடம் இல்லை" என்று போனவர்களை மட்டும் வைத்து மாவட்டம் மாவட்டமாகத் தட்டினேன். தூத்துக்குடி தட்டினால் திரை நிறைந்தது. திருநெல்வேலி, ராமநாதபுரம், விருதுநகர், எல்லாம் அப்படியே. எங்கள் மாவட்டத்தைத் தட்டினேன். விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவள் சொன்னது சரி. அந்த சூப்பர்வைசர் எனக்கு முன்னால் இரண்டு பெஞ்சு தள்ளி முழங்கால் போட்டு ஜெபிக்கிற மனிதர். போன வருஷம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தன் மனைவியோடு வந்து பார்த்துவிட்டுப் போனவர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பின்தலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் என்ன என்று வீட்டில் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவரிடம் போனேன். லைனின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை அவருடையது.

"அண்ணா, லீவு டேபிள் புதுசா செய்யறோம். நீங்க பழசை எப்படி யூஸ் பண்றீங்கன்னு பக்கத்துல உக்காந்து பாத்தா எனக்கு ஈசியா இருக்கும்."

அவர் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று கண்ணாடி வழியே பார்த்தார்.

"யாரு அனுப்புனாங்க? எச்.ஆர். மேடமா?"

"யாரும் அனுப்பல. நானாதான் வந்தேன்."

"நீயா வந்து பாக்குறதுக்கு இதுல இன்னா கீது? வருது, ஓகே குடுக்குறேன். அவ்ளோதான்."

"அதைத்தான் பாக்கணும்ணா."

"எதுனா கம்ப்ளெய்ன்ட் வந்துகீதா?"

இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்ததும் மேசையில் இருந்த தன் போனைக் குப்புறத் திருப்பி வைத்தார்.

டேபிள் திறந்தது. அவர் மேலிருந்து ஆரம்பித்தார். ஒரு பெயரை வாசிப்பார், தேதியைப் பார்ப்பார், பச்சையைத் தட்டுவார். அடுத்தது. காரணத்தை வாசிப்பதே இல்லை. தலைப்பை ஒரு தடவைகூடத் தட்டவில்லை. அதிலும் ஒரு புனல் இருந்தது, அதைத் தொடவில்லை. அது என்ன என்றே அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். ஏழெட்டு பெயர் போனதும் அந்தத் தேதிக்குப் பட்டன்கள் சாம்பலாகிவிட்டன. அவர் கீழே இறங்கிப் பார்க்கவே இல்லை. மூடப் போனார்.

"கொஞ்சம் கீழ இறக்குங்கண்ணா."

"இன்னாத்துக்கு? ஃபுல் ஆயிடுச்சே."

"சும்மா பாக்கலாம்."

இறக்கினார். அப்போதுதான் கண்ணில் பட்டது. மேலே இருந்த பெயர்கள் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தன. ஓர் இடத்துக்குக் கீழே எல்லாம் சின்ன எழுத்து. கோடு போட்டுப் பிரித்த மாதிரி. பெரிய எழுத்துப் பெயர்கள் அகரவரிசையில் முடிந்து, அதன் பிறகு சின்ன எழுத்துப் பெயர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தன. மெட்ராஸ்காரர்கள் பெயர்ப்படி வரிசை வை என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் அதன் போக்கில் பெரிய எழுத்துகள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் சின்ன எழுத்துகளை எடுத்தது. அதற்கு அது வேறு, இது வேறு.

பெரிய எழுத்தில் இருந்தவர்கள் பஸ்ஸில் வரும் உள்ளூர்க்காரர்கள், சின்ன எழுத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கான்ட்ராக்ட்டில் வந்த ஹாஸ்டல் பெண்கள். என் கேன்டீன் தோழியின் பெயரும் அங்கேதான் இருந்தது, கடைசிக்குச் சற்று மேலே.

"அண்ணா, இந்தக் கீழ இருக்கறவங்க எப்பவுமே கீழதான் இருப்பாங்களா?"

"ஆமா."

"ஏன்னு கேட்டதில்லையா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இதுல கேக்கறதுக்கு இன்னாமா கீது? கம்பெனி ஆளுங்க மேல, கான்ட்ராக்ட் ஆளுங்க கீழ. அவங்களே அப்பிடி வெச்சிதான அனுப்புறாங்க. மேல இருக்கறவனுக்கு மொதல்ல குடு, மிச்சம் இருந்தா கீழ குடுன்னு அர்த்தம். எனக்குப் புரியாதா?"

"அப்படின்னு யாராவது சொன்னாங்களா?"

"சில விஷயத்த யாரும் வாயால சொல்ல மாட்டாங்க. நாமதான் புரிஞ்சிக்கணும். சொல்லிட்டா நாளைக்கு மாட்டிக்குவாங்க இல்ல? நான் பதினஞ்சு வருஷமா இந்த லைன்ல குப்ப கொட்டிகினு இருக்கேன்."

அவர் பொய் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு அவர் முகத்தில் பெருமை மாதிரி ஒன்றைப் பார்த்தேன். மேலிடத்தின் மனசைப் படித்துவிட்டவரின் முகம். மனசே இல்லாத ஒன்றைப் படித்திருக்கிறார். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுந்து வரும்போது அவரே கேட்டார்: "மேடம்கிட்ட இன்னான்னு சொல்லுவ?"

"டேபிள் மேல இருந்து கீழ படிக்கறீங்கன்னு சொல்லுவேன்."

"அத்த எதுக்கு சொல்லணும்?" என்றார்.

எச்.ஆர். மேடத்திடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவர் அறையில் ஏ.சி. எப்போதும் அதிகமாக இருக்கும், துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்வோம். என் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, வரிசை எல்லாவற்றையும் விளக்கினேன்.

மேடம் பொறுமையாகக் கேட்டார். "நாங்க அந்த சூப்பர்வைசர்தான் அவங்க ஊர்க்காரங்களா பார்த்து எடுக்கிறாருன்னு நினைச்சோம்," என்றார்.

"தெரிஞ்சே விட்டுட்டீங்களா மேடம்?"

"லைன் ஓடுது. உற்பத்தி வருது. அவருக்கு ஊர்ல செல்வாக்கு இருக்கு. அதைப் போய்க் கிளறணுமா?" என்று சொல்லிவிட்டு, சட்டென்று குரல் மாறி, "அது சரி, இதை உன்னை யார் பார்க்கச் சொன்னது?" என்றார்.

"புதுசா செய்யறதுக்காகப் பார்த்தேன் மேடம்."

"இந்த மாவட்டம் எல்லாம் எதுக்குப் பார்த்த?"

நான் எழுதிய ஃபில்டர் திரையில் திறந்தே கிடந்தது. மூட மறந்திருந்தேன். யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்ப்பதற்காக என்றேன். மேடம் மௌஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு மாவட்டத்தைத் தட்டினார். இன்னொன்றைத் தட்டினார். அவர் முகத்தில் இருந்த சந்தேகம் போய், புதுக் கடைக்குள் நுழைந்தவர் முகம் மாதிரி ஆனது.

"இது நல்லா இருக்கே. புதுசுல இதையும் வெச்சிடு."

"லீவுக்கு இது தேவைப்படாது மேடம்."

"சும்மா ஒரு தகவலுக்குத்தானே. இருந்துட்டுப் போகட்டும்."

பெயர்களைச் சரிசெய்வதற்காக என்னை ஸ்ரீபெரும்புதூருக்கு அனுப்பினார்கள். கான்ட்ராக்டரின் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது. படியெல்லாம் செருப்பு. வேலை கேட்டு வந்த பெண்கள் பெட்டியும் பையுமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டைப் அடிக்கிறவர் நடுவயதுக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி. அவரிடமிருந்துதான் எங்களுக்குப் பெயர்கள் எக்செல்லில் வரும்.

கேப்ஸ் லாக் சாவி உடைந்திருக்கும், இல்லையென்றால் அவருக்கு அதை அழுத்த சோம்பல், இப்படி ஏதோ ஒன்று இருக்கும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அவர் கீபோர்டைப் பார்த்தேன். புதுசு. திரையில் அவர் அடித்துக்கொண்டிருந்த வேறு கம்பெனி ஒன்றின் பட்டியலில் பெயர்கள் பெரிய எழுத்தில் இருந்தன.

"எங்க கம்பெனிக்கு மட்டும் ஏன் சார் சின்ன எழுத்துல அடிக்கறீங்க?"

"உங்களுக்கு அப்பிடித்தான் அடிக்கணும்னு எனக்கு முன்னாடி இருந்தவரு சொல்லிட்டுப் போனாரு. பெருசுன்னா கம்பெனி ஆளு, சின்னதுன்னா நம்ம ஆளு. பாத்தவொடனே தெரியணுமில்ல."

"யாருக்குத் தெரியணும்?"

"அது எனக்கு எப்பிடி தெரியும்? உங்க கம்பெனியில யாராச்சும் சொல்லியிருப்பாங்க." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏன், எதுனா பிரச்சனையா? மாத்தணும்னா லெட்டர் குடுங்க. வாயால சொன்னா நான் மாத்த மாட்டேன்."

முன்னால் இருந்தவர் எங்கே என்று கேட்டேன். வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம், நம்பர் இல்லையாம். கம்பெனிக்குத் திரும்பி வந்து மேடத்திடம் கேட்டேன், தலைவரிடம் கேட்டேன். யாருக்கும் அப்படி ஒன்று சொன்னதாக நினைவில்லை. "அவன் சும்மா சொல்றான்" என்றார் தலைவர். இருக்கலாம். ஆனால் அந்த லாட்ஜ் படியிறங்கும்போதே எனக்கு டைப் அடிக்கிறவர் சொன்னது பொய்யாகத் தோன்றவில்லை. யாரோ ஒருவர் ஒரு நாள் ஹாஸ்டல் பெண்களைப் பார்த்தவுடன் தனியாகத் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார். எதற்கு என்பது அவரோடு போய்விட்டது.

புது டேபிளைச் செய்து முடித்தேன். பெயருக்கு எழுத்து பெரிதா சிறிதா என்று பார்க்காத வரிசை. ஆனால் அதோடு விடவில்லை. யாரும் எதையும் தட்டாமல் திறந்தால் என்ன வரிசையில் வர வேண்டும் என்று நாமே எழுதிவைக்கலாம். எழுதாமல் விட்டாலும் ஏதோ ஒரு வரிசை வந்துதான் தீரும். அதைத்தான் இவ்வளவு நாள் எல்லோரும் யாரோ ஒருவருடைய முடிவு என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். முதலில் விண்ணப்பித்தவர் முதலில் என்று எழுதினேன். டேபிளின் தலையில் தமிழில் ஒரு வரியும் போட்டேன்: "விண்ணப்பித்த நேரப்படி."

தோழி கொடைக்கு எப்போதோ விண்ணப்பம் போட்டு வைத்திருந்தாள். அந்தத் தேதிகளுக்கு அவள் பெயர்தான் உச்சியில் வந்தது. சூப்பர்வைசர் வழக்கம்போல மேலிருந்து பச்சையைத் தட்டினார். அவளுக்கு லீவு கிடைத்துவிட்டது.

சந்தோஷமாக ஓடி வருவாள் என்று நினைத்தேன். கேன்டீனில் மெதுவாக வந்து உட்கார்ந்தாள்.

"கிடைச்சிட்டு எக்கா. அவர்கிட்ட சண்டை போட்டியளா?"

நடந்ததைச் சொன்னேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று மேசையில் விரலால் எழுதிக்கூடக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டுத் தண்ணீர் டம்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"எழுத்து சின்னதா இருந்ததுக்கா எனக்கு லீவு இல்லன்னாவ?"

"ஆமா."

"எக்கா, நான் பன்னெண்டாம் கிளாஸ் படிச்சிருக்கேன். என்னைய ஏமாத்தாதீய. அவரு ஒங்க சர்ச் ஆளு. அவரக் காட்டிக்குடுக்க ஒங்களுக்கு மனசு வரல. அது எனக்குப் புரியுது. அதுக்கு இப்படி ஒரு கதை சொல்லணுமா?"

"கதை இல்லடி, சத்தியமா."

"சரி விடுங்க," என்றாள். அன்று அவள் பொடி டப்பாவைத் திறக்கவில்லை. கொண்டுவரவில்லையோ என்னவோ. கேட்கவில்லை.

கம்பெனி பஸ்ஸில் கதை வேறாக இருந்தது. மணிமங்கலத்தில் என்னோடு ஏறுகிற பெண் ஒருத்தி, லைனில் பழைய ஆள், தங்கச்சி வளைகாப்புக்கு லீவு கேட்டுக் கிடைக்கவில்லை. இரண்டு நாள் முன்னால்தான் விண்ணப்பம் போட்டிருந்தாள். படப்பை தாண்டும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவள், "புது கம்ப்யூட்டர் உன் வேலைதான?" என்றாள்.

"ஆமாக்கா."

"அந்தத் தூத்துக்குடிப் பொண்ணு உன்கூடத்தான சாப்புடுது?"

பதில் சொல்வதற்குள் அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். அடுத்த நாளிலிருந்து எனக்குப் பக்கத்து சீட்டில் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

மேடம் கேட்ட மாவட்ட ஃபில்டரும் புது டேபிளில் இருந்தது. மேடத்தின் லாகினில் மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். அந்த ஃபில்டர்களில் ஒரு குணம் உண்டு. கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்து வைத்தோமோ அது அப்படியே இருக்கும், நாமாக எடுத்துவிடும்வரை. மேடத்தின் கம்ப்யூட்டரில் வேறு ஏதோ சரிசெய்யப் போனபோது அது திறந்திருந்தது. எங்கள் மாவட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. தெற்குப் பக்கம் எதுவும் இல்லை. நாங்கள்தான்.

"இது எதுக்கு மேடம்?" என்று இயல்பாகக் கேட்பதாக நினைத்துக் கேட்டேன்.

"புது லைன் ஒண்ணு ஆரம்பிக்கிறாங்க இல்ல. அதுக்கு ஹாஸ்டல் பொண்ணுங்களையே போட்டுடலாம்னு பேச்சு. லோக்கல்ஸ் கொஞ்சம் அதிகமா லீவு போடறாங்க..." என்று சொல்லி நிறுத்திவிட்டார். நானும் லோக்கல் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "உன்னைச் சொல்லல. நீ ஆபீஸ் ஸ்டாஃப்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வரும்போது சூப்பர்வைசர் மரத்தடியில் பைக்கின் மேல் சாய்ந்து நின்றிருந்தார். அவர் மனைவியை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மேடம் கம்ப்யூட்டர்ல நம்ம மாவட்டத்த தட்டுனா நம்ம ஆளுங்க மட்டும் தனியா வருவாங்களாமே. உண்மையா?"

"யாரு சொன்னாங்க?"

"யாரோ சொன்னாங்க. உண்மையா இல்லியா?"

"உண்மைதாண்ணா."

"நீ செஞ்சதா?"

"நான்தான் செஞ்சேன். வேற ஒண்ணுக்காக."

"வேற ஒண்ணுன்னா? என்னைப் பிடிக்கறதுக்கா?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு வந்து பக்கத்துல உக்காந்தப்பவே நெனச்சேன்," என்றார். "நான் யாரையும் பிரிச்சிப் பாக்கலமா. எனக்கு மேல இருந்தது மேல, கீழ இருந்தது கீழ. அவ்ளோதான். இப்ப அவங்க எங்கள கீழ வெக்கப் போறாங்க. அத்த எவன் தட்டிக் கேப்பான்னு பாக்குறேன்." பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனைவி கேட்டருகில் காத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஃபில்டரை எடுத்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கவில்லை. எழுதியிருந்த வரிகளையே அழித்தேன். அந்த டேபிளுக்கு முகவரி வருகிற வழியையும் துண்டித்தேன். மத்தியானத்துக்குள் மேடம் கூப்பிட்டார்.

"அந்த டிஸ்ட்ரிக்ட் ஃபில்டர் எங்க?"

"எடுத்துட்டேன் மேடம்."

"யார் எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. லீவு குடுக்கறதுக்கு அது வேண்டியதில்ல. இருந்தா ஆளுங்களுக்குச் சந்தேகம் வருது."

"யாருக்கு? உங்க ஊர்க்காரருக்கா?"

"எல்லாருக்கும். எனக்கும்தான்."

"கேட்டுட்டு எடுத்திருக்கணும்," என்றார் மேடம். அவ்வளவுதான். ஆனால் அந்த வாரத்திலிருந்து நான் எதை மாற்றினாலும் தலைவர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் போக வேண்டும் என்று ஆனது. தலைவருக்கும் சங்கடம். "நீ தப்பா ஒண்ணும் செய்யல. ஆனா அவங்களுக்கு உன்மேல ஒரு இது வந்துடுச்சு," என்றார்.

தோழி கொடைக்குப் போனாள். சொன்ன தேதியில் திரும்பி வந்தாள். முகத்தில் வெயில் ஏறியிருந்தது, கையில் புது வளையல். கொடையில் யார் யார் வந்தார்கள், எந்த மேளம் வந்தது என்று நெடுநேரம் சொன்னாள். லீவைப் பற்றி இருவரும் பேசவில்லை. புது லைனில் அவளைப் போட்டார்கள். அதற்குக் கேன்டீன் நேரம் வேறு. எதிரே வரும்போது "எக்கா" என்று சிரிப்பாள். அவள் நம்பினாளா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

போன மாதம் மேடம் மறுபடி கூப்பிட்டு ஒரு சின்ன வேலை சொன்னார். டேபிளுக்கு ஒரு டவுன்லோடு பட்டன் வேண்டுமாம், எக்செல்லில் எடுத்துப் பார்க்க. நியாயமான வேலைதான். எல்லா டேபிளுக்கும் கேட்பார்கள். ஃப்ரேம்வொர்க்கில் அதற்கும் ஒரு வரிதான். என்னென்ன தலைப்புகள் போக வேண்டும் என்று கேட்டேன். பெயர், தேதி, காரணம், எத்தனை நாள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, "இப்போதைக்கு அது போதும்," என்றார். அதை மட்டும் போட்டுக் கொடுத்தேன். தலைவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். அந்த "இப்போதைக்கு" என்ன என்று நான் கேட்கவில்லை. மேடம் நம்பரிலிருந்து போன் வரும்போதெல்லாம் அந்தத் தலைப்புகளோடு முகவரியும் கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுக்கிறேன். இதுவரை கேட்கவில்லை.